கிலோ கணக்கா? கார் கணக்கா?



பேகம்பூர் பெரிய பள்ளிவாசலைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்தால், மூடிக் கிடக்கும் ஒரு தோல் ஷாப்பின் சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருக்கும். அதற்குள் தார்ப்பாய் போர்த்திய நீளமான வண்டி ஒன்று நிற்கிறது. கிரிக்கெட் பந்து எடுக்க உள்ளே போனவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "அது என்னடா, ஆம்புலன்ஸா?" என்று கேட்காத ஆள் இல்லை. பிண வண்டி என்று சொன்னவனும் உண்டு. அவன் நம்ம பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறான், பெயர் சொல்ல மாட்டேன்.

அது ஆம்புலன்ஸ் இல்லைங்க. 1950-ஆம் வருஷத்து பிளைமவுத் சபர்பன். அமெரிக்க ஸ்டேஷன் வேகன். எங்கள் நன்னாவின் வண்டி.

போன மழையில் எங்கள் வீட்டு மாடி ஒழுக ஆரம்பித்ததும், இந்த வண்டியை விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தது. விசாரித்தபோது ஒரே வண்டிக்கு மூன்று விலை சொன்னார்கள். 36,000 என்றார் ஒருத்தர். 85,000 என்றார் இன்னொருத்தர். அவரே கொஞ்ச நேரம் கழித்து 10 லட்சம் என்றும் சொன்னார்! எனக்குத் தலை சுற்றிவிட்டது. அது எப்படி என்று தெரிந்துகொள்ளத்தான் ஒரு மாதமாக நன்னாவையும் அத்தாவையும் மெக்கானிக் அண்ணன்களையும் கேட்டுத் தொல்லை செய்தேன். மாவட்ட நூலகத்திலும் உட்கார்ந்தேன். அந்தக் கதைதான் இது.

முதலில் ஸ்டேஷன் வேகன் என்றால் என்ன? பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், ஸ்டேஷன் என்று. போலீஸ் ஸ்டேஷன் இல்லை, ரயில்வே ஸ்டேஷன். அமெரிக்காவில் ரயிலில் வந்து இறங்குகிறவர்களையும் அவர்களுடைய பெட்டி படுக்கையையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போக ஓடிய வண்டிதான் இது. நம்ம திண்டுக்கல் ரயிலடியில் ஒரு காலத்தில் ஜட்கா நின்றது இல்லையா, அது செய்த வேலையை அங்கே இது செய்தது. சாதாரண காரின் அடிப்பாகத்தை எடுத்துக்கொண்டு, பின்னால் கூரையைக் கடைசி வரை நீட்டி, மரத்தில் கூடு கட்டினார்கள். டிக்கி தனியாகக் கிடையாது. பின் கதவைத் திறந்தால் நேரே வண்டிக்குள்தான்.

1929-ல் ஃபோர்டு கம்பெனி தன்னுடைய மாடல் ஏ காரிலேயே ஸ்டேஷன் வேகன் போட்டது. உடம்பு முழுக்க மரம். பார்க்க அழகு, வைத்துக் காப்பாற்றுவது பாடு. வருஷா வருஷம் வார்னிஷ் அடிக்க வேண்டும், இல்லையென்றால் மழையில் இற்றுப்போகும். அதனால் கொஞ்ச வருஷத்திலேயே அடிமாட்டு விலைக்கு வந்துவிடும். கலிஃபோர்னியா கடற்கரையில் அலைச்சறுக்கு விளையாடும் பையன்கள் இந்தப் பழைய மர வண்டிகளைத்தான் சல்லிசாக வாங்கி, நீளமான பலகையை உள்ளே திணித்துக்கொண்டு சுற்றினார்கள். இன்றைக்கு அதே மர வண்டியைப் பணக்காரர்கள் ஏலத்தில் போட்டி போட்டு வாங்குகிறார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1946-ல் வில்லிஸ் கம்பெனியும், 1949-ல் பிளைமவுத் கம்பெனியும் முழுக்க இரும்புத் தகட்டில் வேகன் கொண்டுவந்தார்கள். எங்கள் கொட்டகையில் நிற்பது அந்த பிளைமவுத் வகைதான். இரும்பு வந்த பிறகு அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு ஸ்டேஷன் வேகன். ஆனால் மர ஆசை விடவில்லை. இரும்புக் கதவின் மேல் மரம் மாதிரியே ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள்! ஃபோர்டு கன்ட்ரி ஸ்கொயர் என்ற வேகன் 1950-லிருந்து 1991 வரை வந்தது. அதில் பெரும்பாலான வருஷங்கள் ஸ்டிக்கர் மரம்தான். எனக்கு இது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

அளவைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம்ம அம்பாசடர் நீளம் 4.3 மீட்டர். 1970-களில் வந்த ஷெவர்லே கேப்ரிஸ் எஸ்டேட் வேகன் ஏறக்குறைய 5.8 மீட்டர், எடை 2 டன்னுக்கு மேல். 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஷீட்டை அப்படியே படுக்க வைத்துப் பின்கதவைச் சாத்தலாம். 1971 முதல் 1976 வரை வந்த ஜெனரல் மோட்டார்ஸ் வேகன்களில் பின் கண்ணாடி கூரைக்குள்ளேயும், பின் கதவு தரைக்குக் கீழேயும் வழுக்கிக்கொண்டு மறைந்துவிடும். கதவு எங்கே போச்சு என்று தேட வேண்டியதுதான்! பல வேகன்களில் கடைசி சீட் பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். மாட்டு வண்டியில் பின்னால் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, ஓடி மறையும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே போவோமே, அந்தச் சுகம். அங்கே வயசான ஆட்கள் இப்போது இந்த வண்டியைத் தேடி அலைவதற்கு அந்தக் கடைசி சீட் ஒரு முக்கியமான காரணம். சின்ன வயசில் அண்ணன் தம்பிகளோடு உட்கார்ந்து சண்டை போட்ட இடம் அதுதானே.

பிறகு ஏன் அழிந்தது? 1973-ல் எண்ணெய் நெருக்கடி. அடுத்த சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை நான்கு மடங்கு ஏறியது. லிட்டருக்கு 4, 5 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு யார் பெட்ரோல் போடுவது? அதற்கு மேல் 1983 கடைசியில் கிரைஸ்லர் கம்பெனியின் மினிவேன் வந்தது. அதன் பின்னால் ஜீப் மாதிரி உயரமான வண்டிகள். கடைசிப் பெரிய வேகன்களை ஜெனரல் மோட்டார்ஸ் 1996-ல் நிறுத்தியது.

இப்போது விலை விஷயத்துக்கு வருகிறேன். பழைய வண்டி என்றால் வயசு ஏற ஏற விலை ஏறும் என்று நான் நினைத்திருந்தேன். தப்பு. ஒரு வண்டிக்கு முதல் 20, 30 வருஷம் விலை இறங்கிக்கொண்டேதான் போகும். அந்தப் பள்ளத்தில் விழுந்து செத்துப்போகாமல் எது மிஞ்சுகிறதோ அதற்குத்தான் பிறகு விலை. கூரை திறக்கிற இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியவன் ஆசையாகத் துடைத்து ஷெட்டில் வைப்பான். ஸ்டேஷன் வேகனை யாரும் அப்படி வைக்கவில்லை. குழந்தை, நாய், சிமெண்டு மூட்டை, காய்கறி எல்லாவற்றையும் ஏற்றி, உளுத்துப்போகிற வரை ஓட்டி, எடைக்குப் போட்டார்கள். லட்சக்கணக்கில் செய்த வண்டியில் நல்லபடியாக மிஞ்சியது கொஞ்சம்தான். மிகவும் பயன்பட்ட காரணத்தாலேயே அபூர்வமாகிப் போன பொருள் இது. நம்ம ஊர் பழைய மாங்காய்ப் பூட்டும் அப்படித்தான். பெட்டியில் பத்திரமாக வைத்தவர் யாரும் இல்லை, கதவில் தொங்கித் துருப்பிடித்தே போனது. இப்போது தேடி வருகிறார்கள்.

நம்ம நாட்டுக்கு அமெரிக்கக் கார் வந்த கதை தனி. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் தொழிற்சாலை போட்டு ஷெவர்லே பூட்டியது. ஃபோர்டும் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, பாகங்களை இங்கேயே செய்கிறவர்களுக்குத்தான் இடம் என்று அரசாங்கம் சொன்னதும், 1950-களின் நடுவில் இரண்டு கம்பெனியும் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் ஆரம்பித்த பிரீமியர் கம்பெனி, பம்பாய் குர்லாவில் கிரைஸ்லரோடு ஒப்பந்தம் போட்டு டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ கார்களைப் பூட்டியது. பெரியவர்கள் 'பிளஷர்' என்று சொல்வார்களே, அது இந்த மாதிரிப் பெரிய சொகுசுக் கார்தான். ஆனால் ஸ்டேஷன் வேகன் இங்கே குறைவு. நம்ம ஆட்களுக்குக் கார் என்றால் பின்னால் டிக்கி துருத்திக்கொண்டு இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வேன், அந்தஸ்து குறைச்சல். 1992-ல் டாடா கம்பெனி எஸ்டேட் என்று ஒரு நல்ல வேகன் விட்டது, அதையும் ஜனங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வண்டி கொடைக்கானலில் இருந்து வந்தது. அங்கே இருந்த ஒரு அமெரிக்க மிஷனரி குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது, பேகம்பூர் தோல் ஷாப் முதலாளி ஒருவர் வாங்கினாராம். நன்னா அவரிடம் டிரைவர். 3.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஆறு சிலிண்டர், 97 குதிரைசக்தி. கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில். பேட்டரி 12 வோல்ட் இல்லை, 6 வோல்ட். மலை ஏறும்போது வெள்ளி அருவிகிட்ட நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் காட்டினால்தான் மேலே போகும் என்று நன்னா சொல்வார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது மாதிரியே சொல்வார்.

பெட்ரோல் விலை ஏறியதும் முதலாளிக்கு வண்டி பாரமாகிவிட்டது. 1974-ல் நன்னா கைக்கு வந்தது. கட்ட வேண்டிய பணத்தை மாதச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமே நன்னா பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, சென்னை சிம்ப்சன் கம்பெனி செய்த பெர்கின்ஸ் டீசல் எஞ்சினை, அதுவும் செகண்ட் ஹேண்ட், வாங்கி மாட்டினார். பின்னால் இரண்டு பக்கமும் மர பெஞ்சு. கோடை ரோடு ஸ்டேஷன், வத்தலகுண்டு என்று வாடகைக்கு ஓட்டினார். இந்த வண்டிக்கு முன்னால் இரண்டே கதவு, அதனால் ஜனங்கள் பின்கதவு வழியாக ஏறுவார்கள். எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்டேன். "ஏறுற வரைக்கும்" என்றார். (போக்குவரத்து போலீஸ் வீட்டுப் பிள்ளைகள் இந்த வரியைப் படிக்க வேண்டாம்.)

அமெரிக்காவில் ரயிலடி வண்டியாகப் பிறந்த இனம், கோடை ரோடு ஸ்டேஷன் வாசலில் வந்து அதே வேலையைப் பார்த்திருக்கிறது பாருங்கள். 1998 வரை ஓடியது. அந்த வருமானத்தில்தான் அத்தாவும் மூன்று மாமிமார்களும் படித்தார்கள், கல்யாணமும் ஆனது.

சரி, மூன்று விலை.

முதலில் வந்தது பழைய இரும்புக் கடைக்காரர். சுற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். கண்ணாடி, மரம், ரப்பர் எல்லாம் கழித்து 1200 கிலோ நிற்கும், கிலோ 30 ரூபாய் என்றார். 36,000. அவருக்கு அது கார் இல்லை, இரும்பு. அதில் பொய் ஒன்றும் இல்லை.

அடுத்து கோவையில் இருந்து பழைய கார் சேகரிக்கிற ஒருவர் வந்தார். தார்ப்பாயை எடுத்ததும் அவர் முகத்தைப் பார்க்கணுமே! பின்கதவை மேலும் கீழும் திறந்து திறந்து மூடினார். மீட்டர் பலகையைத் துடைத்துப் பார்த்தார். கதவுத் தூணில் இருந்த நம்பர் தகட்டை டார்ச் அடித்துப் படித்தார். கடைசியாக பானெட்டைத் திறந்தார். அவ்வளவுதான், முகம் விழுந்துவிட்டது. "டீசல் போட்டுட்டீங்களா பாய்?" என்றார். பிறகு ஆர்.சி. புக் கேட்டார். நாங்கள் தேடாத இடம் இல்லை, கிடைக்கவில்லை. "அப்படின்னா முழு வண்டியா எனக்குப் பிரயோஜனம் இல்லை. பின்கதவு, மீட்டர், கிரில், பம்பர், கண்ணாடி எல்லாம் தனித்தனியா எடுத்துக்கறேன், 85,000 தர்றேன்" என்றார். அத்தா சும்மா இருக்காமல், எல்லாம் சரியாக இருந்திருந்தால் எவ்வளவு போகும் என்று கேட்டார். "10 லட்சத்துக்குக் குறையாமப் பேசலாம்" என்றார் அவர். வீட்டில் யாரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஏன் அவ்வளவு வித்தியாசம்? 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கு என்று தனி விதி கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேல் ஆன, சொந்த உபயோகத்துக்கான வண்டியாக இருக்க வேண்டும். சேஸ், உடம்பு, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படி இருந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் அந்த வண்டியை தினமும் ஓட்டக்கூடாது, வாடகைக்கும் விடக்கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க, இதற்கு மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம். சென்னையிலும் கோவையிலும் பழைய கார் கண்காட்சி நடக்கும்போது வரிசையாக நிற்கிற வண்டிகளின் மதிப்பு இதில்தான் இருக்கிறது: ஃபேக்டரியில் இருந்து வந்தபடியே இருக்க வேண்டும், பேப்பர் இருக்க வேண்டும். எங்கள் வண்டி எஞ்சினிலேயே தோற்றுவிட்டது.

சரி, சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் ஆர்.சி. வேண்டும். அது கிடைத்தாலும், 2025 ஆகஸ்டில் வந்த கட்டணப்படி, 20 வருஷத்துக்கு மேல் ஆன கார் என்றால் 10,000 ரூபாய். இறக்குமதியான நாலு சக்கர வண்டி என்றால் 80,000 ரூபாய். இரும்புக் கடைக்காரர் சொன்ன விலையை விட இரண்டு மடங்குக்கு மேல்!

கோவைக்காரர் போன பிறகு எங்கள் பெரிய மாமி, "அத்தா அன்னைக்கு அந்த எஞ்சினைக் கழட்டாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். எனக்கும் அப்படித்தான் முதலில் தோன்றியது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்ரோலில் லிட்டருக்கு 6 கூடத் தராது, டீசலில் 11 கிடைத்தது என்று நன்னா சொல்கிறார். டீசல் விலையும் குறைவு. பெட்ரோல் எஞ்சினோடு இருந்திருந்தால் வாடகை ஓட்டம் கட்டுப்படியாகி இருக்காது, 1976-லேயே வண்டி இரும்புக் கடைக்குப் போயிருக்கும். இன்றைக்கு 10 லட்சம் என்று பேச வண்டியே இருந்திருக்காது. கியூபா நாட்டிலும் இதே கதைதான். 1960-களில் அமெரிக்காவோடு வியாபாரம் நின்றுபோனதால் பழைய டாட்ஜ், ஷெவர்லே கார்களில் கிடைத்த டீசல் எஞ்சினை மாட்டி ஷேர் டாக்சியாக ஓட்டிக் காப்பாற்றினார்கள். விலையைக் கெடுத்ததும் அந்த டீசல் எஞ்சின்தான், வண்டியை உயிரோடு வைத்ததும் அதுதான். சேகரிக்கிறவர்கள் விதியில் இதற்கு ஒரு இடம் இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. யாராவது ஆசிரியர் மறுத்தால் வாதாடத் தயார்.

நன்னாவிடம் கேட்டோம். 84 வயசு. "பிரிச்சு விக்கிறதா இருந்தா நான் மவுத்தான பிறகு வித்துக்கங்க" என்றுவிட்டார். ஒழுகுகிற மாடிக்கு இப்போதைக்குத் தார் ஷீட் போட்டிருக்கிறோம்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். பழைய எஞ்சின் கிடைத்தால் திரும்ப மாட்டலாம். சேஸில் கை வைக்கவில்லை, மர பெஞ்சு வெறும் நாலு போல்ட்டுதான். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல், வண்டி அதற்கு முன்னால் பதிவானது. அதனால் மதுரையில் பழைய பதிவேட்டில் நகல் கேட்டு அத்தா விண்ணப்பம் போட்டிருக்கிறார். எஞ்சின்? அதை நன்னா 1975-ல் எரியோடு பக்கம் ஒரு தோட்டக்காரருக்கு, கிணற்றில் தண்ணீர் இறைக்க விற்றாராம். ஆள் பெயர் மறந்துவிட்டது. தோட்டத்தில் பெரிய புளிய மரம் இருந்தது என்கிறார். புளிய மரம் இல்லாத தோட்டம் எரியோட்டில் ஏது!

அதனால் வேடசந்தூர், எரியோடு, கோவிலூர் பஸ்ஸில் வரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பழைய மோட்டார் ரூமில், மாட்டுக் கொட்டகையில், கிணற்று மேட்டில் துருப்பிடித்த எஞ்சின் கிடந்தால் தயவுசெய்து ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். நீளமாக இருக்கும். மேல் மூடி தோசைக்கல் மாதிரித் தட்டை. அதன் மேல் ஆறு ஸ்பார்க் பிளக் ஓட்டைகள் ஒரே வரிசையில் இருக்கும். டீசல் எஞ்சினுக்கு பிளக் இருக்காது, ஏமாந்துவிடாதீர்கள். பிளாக்கின் பக்கவாட்டில், முன்பக்கமாகத் தட்டையான இடத்தில் ஒரு நம்பர் அடித்திருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் தெரியும். நம்பரை எழுதிக்கொண்டு 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு, கடைசி பெஞ்சுக்கு வரவும்.

எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று வீட்டில் சொல்லி வைக்கவும்.